பால் ஊற்றுகிறவளும் அரிசிக்கு விலைபோனவளும்

ஊர் சுற்றிக் காட்டுகிறவன் சும்மா காட்டுவதில்லை. எதைக் காட்டுவது, எதைத் தாண்டிப் போவது என்று முடிவுபண்ணின பிறகுதான் அவன் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறான். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைச் சுற்றிக் காட்டுகிறவன் விமானத்தைக் காட்டுவான், நந்தியைக் காட்டுவான், ராசராசன் கொடுத்த பொன்னையும் வெள்ளியையும் கணக்குச் சொல்லுவான். அதே கோயில் கல்வெட்டில் பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் வெட்டி வைத்திருக்கிறதே, அந்த வரியிடம் யாரையும் கூட்டிப்போக மாட்டான். நமக்கு இது புதுச் சங்கதி இல்லை. ஓர் ஊருக்குள் நுழைந்ததுமே சேரி எந்தத் திசையில் இருக்கும் என்று தேடுகிற கண் நம்முடையது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு டச்சு நாட்டுக் கலைச்சுற்றுலாவைக் கொஞ்சம் பார்ப்போம்.

வழிகாட்டியோடு குழுவாகப் போகிற சுற்றுலா இது. ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்ப் படகு, ரைக்ஸ் மியூசியத்தில் ரெம்பிராண்டும் வெர்மீரும், ஹார்லெமில் ஃபிரான்ஸ் ஹால்ஸ், ஹேக் நகரத்தில் முத்துக்கம்மல் போட்ட பெண், டெல்ஃப்டில் நீலப் பீங்கான், லெய்டனில் பழைய பல்கலைக்கழகம். இங்கிருந்தும் காசுள்ளவர்கள் போய்வருகிறார்கள். வந்து உட்கார்ந்துகொண்டு, "அடடா, என்னா வெளிச்சம், என்னா நுணுக்கம், பதினேழாம் நூற்றாண்டு அவங்களுக்குப் பொற்காலம் சார்" என்கிறார்கள்.

பொற்காலம் என்று எவன் சொன்னாலும், பொன் யார் வீட்டில் இருந்தது, தோண்டினது யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இதைக் கேட்பதற்கு மார்க்சையும் ஃபூக்கோவையும் படித்துவிட்டு வரவேண்டியதில்லை. அறுவடைக் களத்தில் நெல் அளக்கிறபோது எட்ட நின்று பார்த்த எவளுக்கும் இந்தக் கேள்வி தெரியும்.

ஆம்ஸ்டர்டாமிலேயே தொடங்கலாம். படகு போகிற கால்வாய்களில் பெரிய பெருமைக்குரியது ஹேரன்கிராக்ட். கனவான்களின் கால்வாய் என்று அர்த்தம். அந்தக் கால்வாய் வளையம் 2010இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதில் 502ஆம் எண் வீடு நகரமேயரின் அதிகாரபூர்வ இல்லமாக இருந்துவருவது. 1672இல் அதைக் கட்டிக்கொண்டவர் பவுலுஸ் கோடின். டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர், ஆப்பிரிக்க மனிதர்களை வாங்கி விற்ற வியாபாரத்தில் பங்காளி. 2006இல்தான் அதைச் சொல்லி அந்த வீட்டு முன்னால் ஒரு பலகை பதித்தார்கள். தனியாள் யாரோ செய்த பாவம் என்றும் கைகழுவ முடியாது. 1683இல் சுரிநாம் காலனியை நடத்துவதற்காக ஏற்படுத்தின சங்கத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரமே மூன்றில் ஒரு பங்குக்கு உடைமைக்காரன். கரும்புத் தோட்டத்தில் சவுக்கடி விழுந்தால் அதில் நகராட்சிக்கும் லாபம் வந்தது. நகர மன்றமாகக் கட்டி இப்போது அரண்மனையாக இருக்கிற கட்டிடத்தின் பின்பக்கத்து முகட்டை அண்ணாந்து பார்த்தால் தெரியும்: நாலு கண்டங்களும் சுமை கொண்டுவந்து ஆம்ஸ்டர்டாம் என்கிற பெண்ணின் காலடியில் வைக்கிற மாதிரி சிற்பம். ஒளிக்கவே இல்லை. கல்லில் வெட்டித் தலைக்கு மேலேயே வைத்திருக்கிறார்கள். வழிகாட்டிதான் கழுத்தைத் தூக்கவிடுவதில்லை.

ரைக்ஸ் மியூசியத்துக்குள் போனால் ரெம்பிராண்ட் 1634இல் வரைந்த கணவனும் மனைவியும் ஆள் உயரத்துக்கு நிற்பார்கள். மார்ட்டென் சோல்மன்ஸ், ஓப்யென் காப்பிட். நெதர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து 16 கோடி யூரோ கொடுத்து 2016இல் வாங்கின ஜோடிப்படம். இரண்டு நாட்டிலும் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். அந்தச் சரிகையையும் லேசையும் பற்றி அரை மணிநேரம் பேசலாம். அந்த லேசுக்குக் காசு எங்கிருந்து வந்தது? மார்ட்டெனின் அப்பன் ஆம்ஸ்டர்டாமில் சர்க்கரை ஆலை வைத்திருந்தவன். சர்க்கரை பிரேசிலில் அடிமைகள் வெட்டின கரும்பிலிருந்து வந்தது. கணவன் செத்தபிறகு ஓப்யென் கட்டிக்கொண்ட இரண்டாவது ஆள் பிரேசிலில் சிப்பாயாக இருந்தவன். அங்கே ஃபிரான்சிஸ்கா என்ற ஆப்பிரிக்கப் பெண்ணை அடைத்துவைத்துக் கெடுத்தவன். இதை நாம் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2021இல் அதே மியூசியம் அடிமைமுறை பற்றி நடத்தின கண்காட்சியில் அதே படங்களை வைத்துச் சொன்ன கதை. லேசுக் கழுத்துக்காரியை ரெம்பிராண்ட் வரைந்தார். ஃபிரான்சிஸ்காவை அவர் எங்கே பார்த்தார், வரைய?

முத்துக்கம்மல்காரி இருக்கிற மவுரிட்ஸ்ஹவுஸ், 1637 முதல் 1644 வரை டச்சுப் பிரேசிலுக்கு ஆளுநராக இருந்த யோஹன் மவுரிட்ஸ் கட்டின மாளிகை. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று 1637இல் ஆப்பிரிக்கக் கரையில் எல்மினாக் கோட்டையைப் பிடிக்கக் கப்பல் அனுப்பினவர் அவர்தான். அந்தக் காலத்து ஹேக் சனங்களே அந்த மாளிகைக்குச் சர்க்கரை வீடு என்று பட்டப்பேர் வைத்திருந்தார்கள். சனங்களுக்குத் தெரிந்திருந்தது. கலாரசிகருக்குத்தான் தெரியாது.

"கலையைக் கலையாப் பாருங்க, எல்லாத்துலயும் சாதியையும் அடிமைத்தனத்தையும் தேடாதீங்க" என்று இங்கே ஒருத்தர் குறுக்கே வருவார். எழுத்தாளர்கள் கூடுகிற இடமெல்லாம் கேட்டுச் சலித்த குரல் அது. ஐயா, படத்தை இறக்கு, கிழி என்று நாங்கள் சொல்லவில்லை. ரெம்பிராண்ட் 1661இல் வரைந்த இரண்டு ஆப்பிரிக்க மனிதர்களின் படம் அதே மவுரிட்ஸ்ஹவுசில் இருக்கிறது. முகத்தை முகமாக மதித்து வரைந்த கை அது, மரியாதையோடுதான் பார்க்கிறோம். வான்கோ 1885இல் வரைந்த உருளைக்கிழங்கு தின்கிறவர்களையும் பார்க்கிறோம். மண்ணைத் தோண்டின அதே கை தட்டுக்குப் போகிறது என்று காட்டுவதற்காக வரைந்ததாக அவரே தம்பிக்கு எழுதினார். அந்தக் கையை எங்களுக்குத் தெரியும். கலை எங்களுக்கு வேண்டாத பண்டம் இல்லை. காசு வந்த வழியைச் சொல்லாமல் ரசிக்கச் சொல்கிறாயே, அதுதான் வேண்டாம்.

இன்னொருத்தர் வருவார்: "அந்தக் காலம் அப்படி, இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது." எவனுடைய காலம் அப்படி? சுரிநாம் தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடி, ஊர் கட்டிக்கொண்டு, தோட்டங்களைத் தாக்கித் தாக்கி, 1760இலும் 1762இலும் டச்சுக்காரனைச் சமாதான ஒப்பந்தத்துக்கு வரவழைத்த மரூன் மக்கள் இருந்தது எந்தக் காலம்? அவர்களும் அதே காலத்து ஆட்கள்தானே? காலத்தின் மனசாட்சி என்று சொல்லும்போது முதலாளியின் மனசாட்சியை மட்டும் எண்ணிக்கொள்வது பழைய பித்தலாட்டம்.

டச்சுக்காரர்கள் கொஞ்சம் மாறியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் 2019இல் பதினேழாம் நூற்றாண்டைப் பொற்காலம் என்று எழுதுவதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. 2021 ஜூலை 1 அன்று நகரமேயர் ஃபெம்கே ஹால்செமா மன்னிப்புக் கேட்டார். 2022 டிசம்பர் 19 அன்று அப்போதைய பிரதமர் மார்க் ருட்டே அரசின் சார்பில் கேட்டார். 2023 ஜூலை 1 அன்று மன்னரே கேட்டார்.

ஆனால் இதைப் பெருந்தன்மை என்று படிக்கக் கூடாது. சுரிநாமில் 1863 ஜூலை 1 அன்று அடிமைமுறையை ஒழித்தபோது நட்டஈடு கொடுத்தார்கள். யாருக்கு? ஓர் அடிமைக்கு 300 கில்டர் என்று கணக்குப்போட்டு, அடிமையை வைத்திருந்தவனுக்கு! விடுதலையானவர்கள் இன்னும் பத்து வருஷம், 1873 வரைக்கும், அரசு மேற்பார்வையில் தோட்டத்தில் ஒப்பந்த வேலை செய்யவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அப்பனை அடிமையாகப் பெற்ற அன்டன் டி கோம் 1934இல் சுரிநாம் அடிமைகளின் சரித்திரத்தை உள்ளிருந்து எழுதினார். அவரைச் சொந்த மண்ணிலிருந்து அதற்கு முந்தின வருஷமே நாடுகடத்தியிருந்தது காலனி அரசு. நாஜிகளை எதிர்த்து வேலைசெய்து பிடிபட்டு 1945இல் முகாமில் செத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாற்றுப் பட்டியலில் அவரைச் சேர்க்க 2020 ஆனது. ஆம்ஸ்டர்டாம் ஓஸ்டர்பார்க்கில் அடிமைமுறை நினைவுச்சின்னத்தை 2002 ஜூலை 1 அன்று அரசி வந்து திறந்தார். அழைப்பு உள்ளவர்கள் உள்ளே. அடிமைகளின் பேரப்பிள்ளைகளான கறுப்புச் சனங்கள் வேலிக்கு வெளியே. தங்கள் தாத்தன் பாட்டிக்கு வைத்த சின்னத்தையே எட்டிப் பார்க்க முடியாமல் நின்றார்கள். தேர் இழுக்கவிடாமல் எட்ட நிறுத்தப்பட்டவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவேண்டுமா? அந்த வேலிக்கு வெளியே நின்ற சனம் வருஷா வருஷம் ஜூலை 1 அன்று கூடி, சங்கிலி அறுந்தது என்று அர்த்தப்படுகிற கெட்டி கோட்டி நாளைக் கொண்டாடி, கத்தி, வழக்காடி, எழுதித்தான் 2023இல் அதே பூங்காவுக்கு மன்னரை வரவழைத்தது. மன்னிப்பு மேலிருந்து வரவில்லை. கீழிருந்து பிடுங்கப்பட்டது.

ருட்டேயின் பேச்சில் நாம் காதைக் கொடுக்கவேண்டிய ஓர் இடம் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோன ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சொன்ன கையோடு, ஆசியாவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் விற்கப்பட்டவர்கள் 6,60,000 முதல் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கலாம், சரியான எண்ணிக்கைகூடத் தெரியாது என்றார். எண்ணிக்கைகூடத் தெரியாத அந்தக் கூட்டத்தில் நம்ம கரைச் சனமும் இருக்கிறது.

அந்தக் கம்பெனிக்கு ஆறு நகரங்களில் கிளைச் சபை. ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், ரோட்டர்டாம், ஹோர்ன், என்க்ஹௌசன், டெல்ஃப்ட். வெர்மீர் பிறந்து, வரைந்து, செத்த டெல்ஃப்ட். கம்பெனி நம்ம கரைக்கு வந்து பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டியது. 1658இல் போர்த்துக்கீசியனிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது. துணியும் சாயமும் வாங்க வந்தான் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆளும் வாங்கினான். 1620களிலேயே பழவேற்காடு, தேவனாம்பட்டினம் துறைகளிலிருந்து அடிமைக் கப்பல் பத்தேவியாவுக்குப் போயிற்று.

இப்போது ரைக்ஸ் மியூசியத்தில் எல்லோரும் மூச்சடக்கி நிற்கிற ஒரு சின்னப் படத்தின் முன்னால் வந்து நில்லுங்கள். வெர்மீரின் பால் ஊற்றுகிற வேலைக்காரி. 1660 வாக்கில் வரைந்தது. ஜன்னல் வெளிச்சம், மேசை நிறைய ரொட்டி, மண்பாண்டத்தில் விழுகிற பால். எசமானியை விட்டுவிட்டு ஒரு வேலைக்காரியை நடுவில் நிறுத்தினார் வெர்மீர். அதில் நமக்கும் சந்தோஷம்தான். அதே வருஷங்களில், 1659 முதல் 1661க்குள், தஞ்சாவூர்ச் சீமையில் பீஜப்பூர்ப் படை புகுந்து வயலை அழித்துப் பஞ்சம் தலைவிரித்து ஆடியது. நாகப்பட்டினத்திலிருந்தும் சுற்றுத் துறைகளிலிருந்தும் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேரை டச்சுக்காரன் வாங்கிக் கப்பல் ஏற்றினான். பெரும்பகுதி இலங்கைக்கு, மிச்சம் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும். தன்னையும் பிள்ளையையும் சோற்றுக்கு விற்றார்கள். 1694–96 பஞ்சத்தில் மறுபடியும் 3,800க்கு மேற்பட்டவர்களைச் சோழமண்டலக் கரையிலிருந்து தனியார் வாங்கி இலங்கைக்குக் கொண்டுபோனார்கள். டெல்ஃப்டில் ஒருத்தி பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது நாகப்பட்டினத்தில் ஒருத்தி அரிசிக்கு விலைபோனாள். இரண்டையும் கணக்கில் எழுதினது ஒரே காலம். முதலாமவள் படத்தில் இருக்கிறாள். இரண்டாமவள் எங்கே? தென்னாப்பிரிக்கக் கேப் நகரம் வரைக்கும் கொண்டுபோய், வைத்திருந்த பேரைப் பிடுங்கிப் புதுப் பேர் வைத்து, அதோடு எந்தக் கரையில் வாங்கினானோ அந்தக் கரையின் பேரை ஒட்டிவிட்டான். கோரமண்டல் என்பதே வம்சப்பேராய்ப் பதிவேட்டில் நிற்கிற மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்.

விற்கப்பட்டவர்கள் யார்? பஞ்சத்தில் முதலில் காலியாவது யார் குதிர்? குதிரே இல்லாதவன் குடிசையில்தான் அடுப்பு முதலில் அணையும். நிலமில்லாதவன், பண்ணையில் கிடந்தவன், சேரியில் இருந்தவன் முதலில் துறைமுகத்துக்கு நடந்திருப்பான். வாங்கினவன் வெள்ளைக்காரன். ஆளைச் சேர்த்துக் கொண்டுவந்து நிறுத்தின தரகன் யார்? வரியை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்ட நாயக்கன் யார்? டச்சுக்காரனைத் திட்டுகிறபோது நாக்கு நீளுகிற நம்ம தேசாபிமானிக்கு இந்த இடத்தில் நாக்கு உள்ளே போய்விடும்.

யாழ்ப்பாணத்தில் அது சட்டமாகவே எழுதப்பட்டது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், 1707இல் அந்நாட்டு வழக்கத்தைத் தேசவழமை என்ற பேரில் தொகுத்து எழுதினார்கள். கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் அடிமைகள் என்று அதில் எழுத்தில் ஏறிற்று. எழுதினதைச் சரிதானா என்று யாரிடம் காட்டிக் கேட்டார்கள்? பன்னிரண்டு முதலியார்களிடம். அவர்களும் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். நளவனிடமோ பள்ளனிடமோ கேட்டதாக எங்கே இருக்கிறது? எழுதின கை ஒல்லாந்தன் கை. எழுத்தைச் சொன்ன வாய் நம்ம மேல்சாதி வாய். இரண்டும் சேர்ந்துதான் வழக்கத்தைச் சட்டம் ஆக்கின. இலங்கையில் அடிமைமுறையைச் சட்டத்திலிருந்து முழுசாக எடுக்க 1844 வரை ஆனது. மனசிலிருந்து எடுத்தாயிற்றா என்று யாழ்ப்பாணத்துத் தலித் தோழர்களைத்தான் கேட்கவேண்டும்.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு சுற்றுலாவின் கடைசி ஊரான லெய்டனுக்கு வாருங்கள். தமிழ் யாத்ரீகர் நெஞ்சை நிமிர்த்துகிற இடம் அது. டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தை வைத்திருந்த காலத்தில் கைக்குப் போய், 1862இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்த சோழச் செப்பேடுகள். பெரியது 21 ஏடு, சிறியது 3 ஏடு. ஸ்ரீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் கட்டின சூடாமணி பௌத்த விகாரத்துக்கு ராசராசன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்த சாசனம். "நம்ம பொருள் நமக்கு வரணும்" என்பதில் நமக்குத் தகராறு இல்லை. வரட்டும். ஆனால் அந்த விகாரத்தின் மிச்சமாய் நின்ற கோபுரத்தை 1867இல் பாதிரிமார் இடித்துத் தள்ளினபோது கேட்பாரில்லாமல் போனது ஏன்? ஆனைமங்கலத்து வருவாயை மண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் எந்தச் சேரியில் இருந்தான்? அதே நாகைப் பக்கம்தான் கூலி நெல் கூடக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினது. செப்பேட்டைப் பற்றிப் பேசுகிற வாய் இதையும் சேர்த்துப் பேசட்டும்.

நாம் சொல்ல வருவது இதுதான். தன் பொற்காலத்தைப் பொற்காலம் என்று சொல்லக் கூசுகிற அருங்காட்சியகம் ஆம்ஸ்டர்டாமில் ஒன்றாவது இருக்கிறது. நமக்குச் சோழர் காலம் மேடையிலும் சினிமாவிலும் பொற்காலம்தான், கூச்சமே கிடையாது. ரைக்ஸ் மியூசியம் 2015இல் படங்களின் பேர்களைத் திருத்தத் தொடங்கியது. சைமன் மாரிஸ் 1906 வாக்கில் வரைந்த ஒரு படத்துக்கு நீக்ரோச் சிறுமி என்று இருந்த பேரை எடுத்துவிட்டு, விசிறி பிடித்த இளம்பெண் என்று வைத்தார்கள். இங்கே நம் தெருக்களுக்குக் காலனி என்று பேர். டச்சுக்காரன் சுரிநாமுக்கு வைத்த அதே சொல். வெளியிலிருந்து வந்து ஆளப்படுகிற இடம் என்று அர்த்தம். சொந்த ஊரிலேயே நம்மைக் காலனி ஆக்கி வைத்திருந்தார்கள். அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் அந்தச் சொல்லை நீக்குவதாகத் தமிழக முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. பலகையில் பேரை மாற்றலாம். சுடுகாட்டுக்குப் பாதை, கோயிலுக்குள் இடம், பிடுங்கின பஞ்சமி நிலம், இவற்றை எந்தப் பெயிண்டால் மாற்றுவது? டச்சுக்காரனும் 2022இல் மன்னிப்போடு விழிப்புணர்வுக்கென்று 20 கோடி யூரோ ஒதுக்கினான். 1863இல் முதலாளிக்குக் கொடுத்த மாதிரி தலைக்கு இவ்வளவு என்று அடிமைகளின் வாரிசுகளுக்குக் கொடுக்கவில்லை. சொல்லோடு நிறுத்திக்கொள்கிற வித்தை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆகவே டச்சு நாட்டுக்குப் போகிற தமிழ்க் கனவான்களே, தாராளமாகப் போங்கள். படத்தையும் பாருங்கள். கால்வாயில் போகும்போது 502ஆம் எண் வீட்டுப் பலகையைப் படிக்கச் சொல்லி வழிகாட்டியைக் கேளுங்கள். ஓஸ்டர்பார்க்குக்கு நடந்து போங்கள். அதற்கு டிக்கெட்டு கிடையாது. பால் ஊற்றுகிறவளுக்கு முன்னால் நிற்கும்போது, இந்த வருஷத்தில் நாகப்பட்டினத்தில் என்ன நடந்தது என்று குழுவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேளுங்கள்.

திரும்பி வந்தபிறகு பழவேற்காட்டுக்கும் ஒரு தடவை போங்கள். சென்னைக்குப் பக்கம்தான். அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைத்தோட்டம் இருக்கிறது. வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கி, ஒவ்வொரு கல்லிலும் பேரும் வருஷமும் குடும்ப முத்திரையும் பொறித்து, அழகான வேலைப்பாடு. தொல்லியல் துறை பூட்டுப் போட்டுப் பாதுகாக்கிறது. வாங்கினவனுக்குக் கல்லும் காவலும் இருக்கிறது. விற்கப்பட்டவர்களுக்காகப் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஆளுக்கொரு கல்லை அரசு நடட்டும். அதில் வருஷத்தை எழுதட்டும், எத்தனை பேர் என்று எழுதட்டும், வாங்கினவன் பேரோடு கொண்டுவந்து விற்றவன் பேரையும் எழுதட்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆம்ஸ்டர்டாமின் அழகைப் பற்றி நம்மிடம் பேச வரவேண்டாம்.